கருப்புக் கேபிளின் கணக்கு

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். செல்ஃப் சுற்றவில்லை. பானெட்டைத் திறந்த மெக்கானிக் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு சார்" என்றார். புது பேட்டரி போட்டோம். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே 'டக்'. இம்முறை வந்தவர் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. கியர்பாக்ஸில் முறுக்கியிருந்த கருப்புக் கேபிளின் போல்ட்டைக் கழற்றி, கேபிள் முனையின் உலோக வளையமான லக்கைத் திருப்பிக் காட்டினார். செம்பு தெரியாதபடி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் லக்கையும் போல்ட் உட்காரும் இடத்தையும் பளபளவென்று தேய்த்து, திரும்ப முறுக்கினார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. ஆயிரக்கணக்கில் செலவழித்து நான் மாற்றியது குறையில்லாத ஒரு பேட்டரியை.

இது என் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் எர்த்தில், அதாவது அந்தக் கருப்புக் கேபிளில், வந்து நிற்கும் கதையை எந்த ஊர்ப் பட்டறையிலும் கேட்கலாம். ஏன் எர்த்தைக் கடைசியில் பார்க்கிறோம்? அந்தச் சொல்லே நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது என்பது என் எண்ணம்.

வீட்டில் எர்த் ஒயர் என்றால் பாதுகாப்பு ஒயர். மிக்சியிலோ கிரைண்டரிலோ கசிவு ஏற்பட்டால் மட்டுமே அதில் மின்சாரம் பாயும். மற்ற நாளெல்லாம் அது சும்மா இருக்கும். அந்தப் பழக்கத்தோடு வண்டிக்கு வருகிறவர், எர்த் என்பது ஏதோ ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார். வண்டியின் எர்த் அப்படிப்பட்டதல்ல. பாசிட்டிவ் கேபிள் வழியாக எத்தனை ஆம்பியர் வெளியே போகிறதோ, அத்தனையும் ஒன்றுகூடக் குறையாமல் கருப்புக் கேபிள் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். நான்கு ரப்பர் டயர்கள் மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு உறவே இல்லை. அதன் எர்த் என்பது திரும்பும் பாதை, சுற்றின் சரிபாதி.

'எர்த்' என்ற பெயர் தந்தியிலிருந்து வந்தது. 1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டாம், திரும்பும் பாதையாக நிலமே போதும் என்று கண்டார். அங்கே மின்சாரம் உண்மையாகவே மண்வழியாகத் திரும்பியது. மோட்டார் வண்டிக்குள் மின்சாரம் புகுந்தபோது அதே சிக்கனத்தை வண்டியின் இரும்புச் சட்டத்தைக் கொண்டு செய்தார்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர்கள் இதை 'மாஸ்ஸே', அதாவது பிண்டம், என்கிறார்கள். அவர்களுடைய டின் 72552 தரத்தில் 30 என்ற எண் பேட்டரி பாசிட்டிவையும் 31 என்ற எண் இந்த எர்த்தையும் குறிக்கும். வண்டியின் மொத்த உலோக உடலும் ஒரே கம்பியாக வேலை செய்கிறது என்பதை 'மாஸ்ஸே' என்ற சொல் சரியாகச் சொல்கிறது. நம் மெக்கானிக்குகள் 'பாடி எர்த்' என்பதும் கிட்டத்தட்ட அதே பொருள்தான்.

1912இல் காடிலாக் கார், கெட்டரிங் வடிவமைத்த மின் செல்ஃபுடன் வந்தது. அதன் பிறகு பேட்டரியின் வேலை விளக்கெரிப்பது மட்டுமல்ல, எஞ்சினையே சுழற்றுவதும் என்றாயிற்று. பாடியோடு எந்த முனையைச் சேர்ப்பது என்பதில் மட்டும் நெடுங்காலம் ஒற்றுமை இல்லை. ஃபோர்டு மாடல் ஏ பாசிட்டிவ் எர்த். பிரிட்டிஷ் கார்கள் 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த்தாகவே வந்தன. நம் அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அவற்றில் ஒன்று. அரிப்பு குறையும், பிளக் தேய்மானம் குறையும் என்று அதற்குக் காரணங்கள் சொன்னார்கள். டையோடு வைத்த ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டர் வைத்த கருவிகளும் பரவிய பிறகு உலகம் முழுவதும் நெகட்டிவ் எர்த் என்று முடிவாகிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் முனைகளைத் தலைகீழாகக் கொடுத்தால் டையோடுகள் அந்தக் கணமே எரிந்துபோகும்.

இனி கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தில் கண்ணை நம்புவதைவிடக் கணக்கை நம்புவது நல்லது.

ஒரு சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் எஞ்சினைச் சுழற்றும்போது சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் வண்டியில் இது இன்னும் அதிகம். நெகட்டிவ் பாதையில் எங்கோ ஓரிடத்தில் ஓம் ஒன்றில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும். 150 ஆம்பியர் அதன் வழியே போகும்போது ஒன்றரை வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். சுற்றும்போது பேட்டரியின் மின்னழுத்தமே 10 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். அதில் ஒன்றரை போனால் செல்ஃபுக்குக் கிடைப்பது எட்டரை. மோட்டார் முனகத்தான் செய்யும். அரை வோல்ட் மட்டுமே விழுகிறது என்றாலும், அரை வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 75 வாட் சூடு அந்த ஒரு போல்ட்டில் பிறக்கிறது. நாலைந்து முறை செல்ஃப் அடித்த பிறகு ஒரு டெர்மினலோ லக்கோ மட்டும் தொட்டால் சுடுகிறதென்றால், குற்றவாளி அங்கேதான் இருக்கிறார்.

கேபிளின் கனமும் இப்படித்தான். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லி ஓம் தடை கொண்டது; 150 ஆம்பியரில் பத்தில் ஒரு வோல்ட் விழும். அதற்குப் பதில் 10 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால் கால் வோல்ட்டுக்கு மேல் போய்விடும். வெளியே பார்க்க இரண்டும் ஒரே பருமனாக இருக்கலாம். மேலுறை தடித்து உள்ளே செம்பு மெலிந்த கேபிள்களும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்களும் கடைகளில் உண்டு. அலுமினியத்தின் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். வாங்கும்போது வெட்டிய முனையைப் பாருங்கள். இழைகளைச் சுரண்டினால் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள்.

சிலர் கேட்பார்கள்: இரும்பு செம்பைவிட மட்டமான கடத்தி ஆயிற்றே, பாடியை நம்பி இத்தனை மின்சாரத்தை விடலாமா? எஃகின் தடை செம்பைப்போல் எட்டுப் பத்து மடங்கு என்பது உண்மை. ஆனால் வண்டியின் தரைத் தகடு 0.7 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மீட்டர் அகலம் இருந்தால், அதன் குறுக்குப் பரப்பு 700 சதுர மில்லிமீட்டர். பத்து மடங்கு என்றே கழித்தாலும் 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளுக்கு ஈடு. அவ்வளவு கனமான கேபிளைச் சின்னக் காரில் யாரும் போடுவதில்லை. ஆகவே தகட்டில் குறையில்லை. தகட்டுக்குள் மின்சாரம் நுழையும் அந்த ஒரு போல்ட்டிலும், அதைவிட்டு வெளியேறும் இன்னொரு போல்ட்டிலும்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்தி வைத்தால் அவை முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்; மேடுகள் சிலவற்றின் உச்சி மட்டுமே ஒன்றையொன்று தொடும். மின்சாரம் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மின்தொடுகைகளைப் பற்றிய ராக்னர் ஹோல்மின் ஆய்வுகள் இதை விரிவாக விளக்குகின்றன. இறுக்கம் கூடினால் தொடும் புள்ளிகள் பெருகும், தடை குறையும். போல்ட் தளர்ந்தால் புள்ளிகள் குறையும், சூடு ஏறும், சூட்டில் துரு வேகமாகப் பிடிக்கும், துருவால் தடை இன்னும் ஏறும். தளர்ந்த எர்த் தானாகச் சரியாகாது; நாளுக்கு நாள் கெடும்.

சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்திருக்கும் மலத்துக்கு, அதாவது மாசுக்கு, செம்பில் ஏறிய களிம்பை உவமை சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதுபோல் தெரிவதில்லை. செம்போடு செம்பாக, உள்ளிருந்தே தோன்றியதுபோல் இருக்கும். பேட்டரி கேபிளிலும் அப்படித்தான். அமில ஆவி லக்கின் கழுத்து வழியாக உறைக்குள் இறங்கி, இழைகளை உள்ளே பச்சையாக்கி வைத்திருக்கும். வெளியே ரப்பர் உறை புதிதுபோல் இருக்கும். கேபிளை வளைத்துப் பார்த்தால் உள்ளே நறநறவென்று பொடியும். அப்படிப்பட்ட கேபிளை முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றிவிட வேண்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, இராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது.

கேபிளை எங்கே முறுக்குவது? செல்ஃப் மோட்டார் எஞ்சினோடும் கியர்பாக்ஸோடும் போல்ட் போட்டு நிற்பது. அதன் நெகட்டிவ் அதன் உடம்பேதான். எனவே கனமான கேபிள் பேட்டரியிலிருந்து நேராக எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போவதே சிறந்தது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியிலிருந்து அது மின்வழியில் துண்டிக்கப்பட்டிருக்கிறது. அதனால் பாடிக்குத் தனி இணைப்பு கட்டாயம் வேண்டும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே பின்னிய செம்புப் பட்டை போடுவது எஞ்சின் ஆடும்போது அறுந்துவிடாமல் இருக்கத்தான். கிளட்ச் வேலைக்கோ மவுண்டிங் மாற்றவோ எஞ்சினை இறக்கியபோது, இந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவது பட்டறைகளில் நடக்கிறது. அப்போது வேடிக்கையான இடங்களில் சூடு காணும். பேட்டரி கேபிளைப் பாடியில் மட்டும் முறுக்கியிருக்கும் வண்டியானால், திரும்ப வழியில்லாத 150 ஆம்பியர், ஆக்சிலேட்டர் கேபிளின் எஃகு இழை வழியாகவோ கியர் கேபிள் வழியாகவோ பேட்டரியைத் தேடிப் போகும். ஆக்சிலேட்டர் கேபிளின் பிளாஸ்டிக் உள்ளுறை உருகி, மிதி கனத்துப்போய் வந்த வண்டிகள் உண்டு. கேபிளை மட்டும் மாற்றினால் புதிய கேபிளும் உருகும்.

பாடியில் எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுரண்டினால் துருப்பிடிக்கும் என்பது ஒரு தரப்பு. பல்வைத்த வாஷர் போட்டால் அதன் பற்களே பெயின்ட்டைக் கிழித்து உலோகத்தைத் தொடும், சுரண்ட வேண்டாம் என்பது இன்னொரு தரப்பு. ஒரு விளக்குக்கோ ஹாரனுக்கோ இது போதும் என்று நானும் ஒப்புக்கொள்வேன். பேட்டரி கேபிளுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். நூற்றுக்கணக்கான ஆம்பியரை வாஷரின் பத்துப் பன்னிரண்டு பல்முனைகளை நம்பி விடக் கூடாது. லக் உட்காரும் வட்டம் முழுவதும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். லக்கின் தட்டையான முகம் நேராக அந்த இரும்பில் உட்கார வேண்டும். பல்வாஷர் லக்குக்கு மேலே, நட்டுக்குக் கீழே வர வேண்டும். லக்குக்கும் பாடிக்கும் நடுவே வாஷரைச் செருகுவது பரவலான தவறு. ஒரே போல்ட்டில் ஐந்தாறு லக்குகளை அடுக்குவதும் அப்படியே. துரு பற்றிய அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, முறுக்கி முடித்த பிறகு இணைப்பின் மேல் முழுக்க வாசலின் பூசுவது. வாசலின் மின்சாரத்தைக் கடத்தாது. இறுக்கும்போது அது பிதுங்கி விலகிவிடும் என்று முன்பே பூசுகிறவர்களும் உண்டு. நான் உலர்ந்த உலோகத்தோடு உலர்ந்த உலோகத்தை முறுக்கிவிட்டு, காற்றும் ஈரமும் புகாமல் பின்பு மூடுவதையே விரும்புகிறேன்.

பேட்டரி முனையில் பூத்திருப்பதைக் கழுவ ஆப்பசோடா கலந்த வெந்நீர் போதும், அமிலத்தைச் சமன்செய்துவிடும். செல்லுக்குள் மட்டும் இறங்கவிடக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் எளிது. பாடி முழுக்க நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால், பேட்டரி ஸ்பேனர் வழியாகவே நேராக ஷார்ட் ஆகிவிடும். அந்த வழியில் கையில் உள்ள மோதிரமும் சிக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போதும் கடைசிக் கிளிப்பை இறந்த பேட்டரியின் நெகட்டிவில் போடாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் போடச் சொல்வது இதனால்தான்: கடைசித் தொடுகையில் பொறி பறக்கும், பேட்டரியருகே ஹைட்ரஜன் இருக்கலாம், காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் இருந்தாலே அது தீப்பற்றும்.

எல்லா வண்டிக்கும் இதே விதி பொருந்தாது. 1953இல் வந்த செவ்ரலே கார்வெட்டின் உடல் கண்ணாடியிழை. அதில் பாடி எர்த் என்ற பேச்சே இல்லை, ஒவ்வொரு விளக்குக்கும் சட்டம் வரை தனி நெகட்டிவ் ஒயர் வேண்டும். அலுமினிய உடல் கொண்ட கார்களில் செம்பு லக்கை நேராக அலுமினியத்தில் முறுக்கினால் ஈரம் பட்டதும் இரண்டும் ஒரு குட்டி பேட்டரிபோல் வேலை செய்து அலுமினியம் கரையும். வெள்ளீயப்பூச்சுள்ள லக்கும் தயாரிப்பாளர் தந்த எர்த் போல்ட்டும்தான் அங்கே வழி. மின்வண்டிகளில் பெரிய பேட்டரியின் இரு முனைகளும் பாடியைத் தொடவே கூடாது. வோல்ட் ஒன்றுக்கு 100 ஓமாவது காப்புத்தடை வேண்டும் என்பது நேர்திசை மின்னோட்டச் சுற்றுக்கான பன்னாட்டு விதி. 400 வோல்ட் வண்டியானால் 40,000 ஓம். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பக்கம் பயிற்சியில்லாதவர் கை போகக் கூடாது. ஆனால் அதே வண்டியின் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்குமான 12 வோல்ட் பேட்டரி பழையபடி பாடியை எர்த்தாகக் கொண்டதே. அதன் கருப்புக் கேபிளுக்கு மேலே சொன்ன எல்லாம் பொருந்தும்.

சிக்னலில் நின்றால் தானாக அணைந்து கிளம்பும் புதிய கார்களில் நெகட்டிவ் கிளாம்ப்பிலேயே ஒரு சிறு பெட்டி ஒட்டியிருக்கும். உள்ளே போகிற, வெளியே வருகிற ஆம்பியரை அது எண்ணிக்கொண்டிருக்கிறது. பாட்டுப் பெட்டிக்கோ கூடுதல் விளக்குக்கோ எர்த் எடுப்பவர்கள் நல்ல எர்த் வேண்டும் என்று நேராக பேட்டரி முனையிலேயே மாட்டினால், அந்த மின்சாரம் கணக்கில் வராமல் போகும்; வண்டி பேட்டரியின் நிலையைத் தப்பாக மதிப்பிடும். அந்த வண்டிகளில் கூடுதல் கருவியின் எர்த்தைப் பாடியில்தான் எடுக்க வேண்டும்.

கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல் பக்கம் லாரிக்கும் பாடி கட்டும் இடங்களில் இன்னொரு எர்த் உண்டு: வெல்டிங் எர்த். வெல்டிங் மெஷினின் கிளாம்ப்பை வண்டியின் ஒரு கோடியில் மாட்டிவிட்டு மறு கோடியில் பற்றவைத்தால், இடையில் எது கடத்துகிறதோ அதன் வழியாக வெல்டிங் மின்சாரம் போகும். அது எர்த் பட்டையாக இருக்கலாம், பேரிங்காக இருக்கலாம், கம்ப்யூட்டரின் ஒயராகவும் இருக்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்ப்பை மாட்டுவது ஒரு நிமிட வேலை.

இத்தனைக்கும் பிறகு எர்த் கெட்டிருக்கிறதா என்று எப்படி அறிவது? பலர் மல்டிமீட்டரை ஓமில் வைத்து கேபிளின் இரு முனையையும் தொட்டு, 'பீப்' சத்தம் வந்ததும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். இது ஏமாற்றும் சோதனை. அரை வோல்ட்டைத் தின்னும் கெட்ட இணைப்பின் தடை 3 மில்லி ஓம்தான். சாதாரண மீட்டர் காட்டும் மிகச் சிறிய அளவே 100 மில்லி ஓம். நூறு இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'பீப்' என்று சொல்லும். செல்ஃபைச் சுற்ற அந்த ஓரிழை எப்படிப் போதும்?

சரியான சோதனை மின்சாரம் பாயும்போது செய்வது. வண்டியை நியூட்ரலில் போட்டு கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றினால் எஞ்சின் சுற்றும், ஆனால் கிளம்பாது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையில் வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து, இன்னொருவரை மூன்று நான்கு நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் பாதை நன்றாக இருக்கிறது. அரை வோல்ட் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பிறகு ஒவ்வொரு அடியாக நகருங்கள்: கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் இடையே, கிளாம்ப்புக்கும் லக்குக்கும் இடையே, லக்குக்கும் எஞ்சினுக்கும் இடையே. எந்த அடியில் வோல்ட் எழும்புகிறதோ அங்கே அழுக்கு இருக்கிறது. பாடிக்கும் இதே முறை. எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாருங்கள், 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சென்சார்களைக் கொண்டு எரிபொருளை அளக்கும் எஞ்சின்களில் இந்தச் சின்ன அளவும் பொருட்படுத்த வேண்டியது. ஆக்சிஜன் சென்சார் பேசும் மொழியே 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடைப்பட்டது.

நடுவழியில் மீட்டர் இல்லையா? ஜம்ப் கேபிளின் கருப்பு ஒயர் ஒன்று போதும். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், பிறகு மறு முனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டுங்கள். செல்ஃப் அடியுங்கள். முனகிக்கொண்டிருந்த எஞ்சின் கணீரென்று சுற்றினால் பேட்டரியில் குறையில்லை.

அடுத்த முறை யாராவது உங்கள் வண்டியைப் பார்த்து "பேட்டரி போச்சு" என்றால், பணத்தை எடுக்கும் முன் மேலே சொன்ன வோல்ட் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.